மார்மன்களின் சுவர்ச் சித்திரங்களும் ஒரு இஸ்திரிக் கூடையும்

ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு டைரி வாங்குவேன். பத்தாம் தேதி வரைக்கும் ஒழுங்காக எழுதுவேன். பதினொன்றாம் தேதியிலிருந்து பால் கணக்கும் பேப்பர் கணக்கும்தான் அதில் இருக்கும். உங்களில் பாதிப் பேருக்கும் இதே கதைதான்னு நினைக்கிறேன். அதனாலதானோ என்னவோ, டைரி எழுதுவதையே ஒரு மதக் கடமையாக வைத்திருக்கும் கூட்டம் ஒண்ணு இருக்குன்னு படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. மேலே படிக்கப் படிக்கப் பொறாமை போய் வேற ஏதோ வந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போறேன்.

மார்மன்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை, ரெண்டு ரெண்டு பேராக வீதியில் நடந்து போகும் இளைஞர்கள். நேரில் இல்லாவிட்டாலும் சினிமாவிலாவது பார்த்திருப்பீங்க. சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன்னு கூப்பிடாதீங்க, முழுப்பெயர் சொல்லுங்கன்னு 2018ல் சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். நான் பேசப்போவது பெரும்பாலும் பழங்கதை என்பதால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பெயரிலேயே ஒரு சங்கதி இருக்கு. அவர்கள் வேதத்தின்படி மார்மன் என்பவர் ஒரு தீர்க்கதரிசி, படைத்தலைவர். ஆனால் அவர் பெயர் நிலைத்ததுக்குக் காரணம் வேறு. ஆயிரம் வருஷத்துப் பழைய ஏடுகளையெல்லாம் வைத்துக்கொண்டு, வேண்டியதை எடுத்து, சுருக்கி, தகடுகளில் பொறித்து வைத்தாராம். அதாவது ஒரு எடிட்டர்! நம்பறதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனா, ஊரெல்லாம் இவங்களைக் கூப்பிட்டது ஒரு ஏடு தொகுத்தவர் பெயரில்தான்.

அந்தப் புத்தகம் 1830ல் நியூயார்க் மாநிலத்தில் பால்மைரா என்ற சிற்றூரில் கிராண்டின் என்பவரின் அச்சகத்தில் அச்சானது. 5000 பிரதிகள், செலவு 3000 டாலர். மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்த உத்தரவாதத்தில்தான் வேலையே நடந்தது. புத்தகம் நினைத்தபடி விற்கவில்லை. நிலத்தை விற்றுத்தான் அச்சகக் கடனை அடைத்தார். (சொந்தக் காசு போட்டுப் புத்தகம் போட்ட நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்ளலாம்.)

அதே வருஷம் ஏப்ரல் 6ல் சபை தொடங்கியது. தொடங்கிய அன்றைக்கே ஜோசப் ஸ்மித்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் அருள்வாக்கில், உங்களுக்குள் ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டும் என்று கட்டளை. ஜூலையில் அவர் மனைவி எம்மாவுக்கு இன்னொரு கட்டளை: பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்துக் கொடு. ஆக, சபைக்கு முன்னாடியே புத்தகம், முதல் நாளே பதிவேடு, மூணே மாசத்தில் பாட்டுப் புத்தகத்துக்கு ஏற்பாடு. கோயில் கட்டும் யோசனையெல்லாம் பிற்பாடுதான்.

பதிவேடு வைக்கச் சொல்லி 1831ல் ஜான் விட்மர் என்பவரை நியமித்தார்கள். 1838ல் அவருக்கும் சபைக்கும் சண்டை வந்து அவரை நீக்கிவிட்டார்கள். மனுஷன் எழுதிய நோட்டைக் கொடுக்க முடியாதுன்னு எடுத்துக்கொண்டு போய்விட்டார்! கேட்டுக் கடிதம் எழுதியும் தரவில்லை. எழுதினவனுக்கும் எழுதச் சொன்னவனுக்கும் நடுவில் நோட்டு யாருக்குச் சொந்தம் என்ற பிரச்சனை அவர்களுக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இதைச் சொல்லக் காரணம், இவர்களுக்கு எழுத்தும் சித்திரமும் அலங்காரம் இல்லை, கடமை. சாட்சி சொல்வது போல ஒரு வேலை. கடமைன்னு ஆகும்போது அதுக்கு ஒரு மரியாதை வந்துவிடும். கூடவே ஒரு ஆபத்தும் வந்துவிடும். முதலில் மரியாதைக் கதை.

1890. மார்மன்களின் வாழ்வில் மிக மோசமான வருஷங்களில் ஒன்று. அதற்குள் அவர்கள் யூட்டா பாலைவனத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பலதார மணத்தை ஒழிக்க அமெரிக்க அரசு கங்கணம் கட்டிக்கொண்டு நின்றது. 1887ல் கொண்டுவந்த எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் சபையின் சட்டபூர்வ அமைப்பையே கலைத்தது, சொத்துகளைப் பறிமுதல் செய்ய வழி செய்தது. யூட்டாப் பெண்களுக்கு 1870லேயே கிடைத்திருந்த வாக்குரிமையையும் பிடுங்கிக்கொண்டது. தலைவர்கள் தலைமறைவு. அப்போதைய சபைத் தலைவர் ஜான் டெய்லர் ஒளிந்திருந்த இடத்திலேயே 1887ல் செத்துப்போனார். 1890 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. செப்டம்பரில் அடுத்த தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கையை வெளியிட்டார்.

மே மாசத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவில், ஜூனில் அந்தச் சபை என்ன செய்தது தெரியுமா? மூணு ஓவியர்களை பாரிஸுக்கு அனுப்பியது, படிக்க!

முதல்தடவை படித்தபோது தேதியைத்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன். சொத்து பறிபோகும் வீட்டில் பிள்ளையை டிராயிங் கிளாஸுக்கு அனுப்புகிற மாதிரி இல்லையா இது?

காரணம் சால்ட் லேக் கோயில். 1853ல் மூலைக்கல் வைத்தது, கருங்கல்லில் எழும்பி எழும்பி முடியும் தறுவாயில் இருந்தது. உள்ளே நடக்கும் சடங்கில் வழிபடுகிறவர்கள் அறை அறையாக நகர்வார்கள். ஏதேன் தோட்டத்துக்கு ஒரு அறை, தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகான உலகத்துக்கு ஒரு அறை. சுவர் முழுக்க அந்த இடங்களை வரையணும். யூட்டாவில் இருந்த ஓவியர்களுக்கு அந்த அளவுக்குப் பயிற்சி போதாதுன்னு அவர்களுக்கே தெரியும். ஸ்பிரிங்வில் ஊரில் இருந்த ஜான் ஹேஃபன், எங்களை அனுப்புங்கள், திரும்பி வந்து வரைகிறோம் என்று தலைவர்களிடம் கேட்டார். ஆச்சரியம், சரின்னு சொல்லிவிட்டார்கள். மத ஊழியத்துக்குப் போகிறவர்களுக்குச் செய்வது போலவே தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினார்கள். கலை மிஷனரிகள் என்றே இன்றைக்கும் பெயர்.

ஹேஃபன், லோரஸ் ப்ராட், ஜான் ஃபேர்பேங்க்ஸ், இவர்கள் மூணு பேரும் முதலில். எட்வின் எவன்ஸும் ஹெர்மன் ஹாகும் பின்னாலேயே. சேர்ந்தது ஜூலியன் அகாடமியில். மாணவர் கூட்டம் நெரியும், கூச்சலும் கலாட்டாவும் சகஜம், நடுவில் துணியில்லாத மாடல். காப்பி, சாராயம், புகையிலை தொடாத விவசாயக் குடும்பத்து ஆட்கள் அங்கே ஈஸலை வைத்துக்கொண்டு நின்றதைக் கற்பனை செய்து பார்க்கிறேன். ஊரில் மனைவிமார்கள் பிள்ளைகளையும் வீட்டையும் தனியாகச் சமாளித்தார்கள். இந்தக் கதையில் அவர்களுக்கு ஒரு கைதட்டலும் கிடைக்கவில்லை, நானாவது சொல்லி வைக்கிறேன்.

குடும்பக் கஷ்டத்தில் ஹேஃபன் ஒரு வருஷத்திலேயே திரும்பிவிட்டார். மற்றவர்களும் வந்து சேர, பழைய ஓவியர் டான் வெகலாண்டும் கூட நிற்க, சுவர்கள் நிறைந்தன. 1893 ஏப்ரல் 6ல், மூலைக்கல் வைத்து சரியாக நாற்பது வருஷம் கழித்து, கோயில் திறப்பு. உச்சியில் நிற்கும் மொரோனை தேவதூதன் சிலையைச் செய்தவர் சைரஸ் டாலின், சபை உறுப்பினரே இல்லை. தேவதூதர்களில் தனக்கு நம்பிக்கை இல்லையென்று முதலில் மறுத்தார் என்று சொல்வார்கள். நம்பாதவர் செய்த தேவதூதன்தான் இன்னும் மேலே நின்று எக்காளம் ஊதுகிறது. நம்பி வரைந்தவர்களின் சுவர்களுக்கு என்ன ஆச்சுன்னு பிறகு சொல்றேன்.

கோயில் முடிந்ததும் ஓவியர்களுக்குக் கையில் வேலை இல்லை. சபைக்கு ஓவியர் தேவைப்பட்டது, ஓவியம் வாங்கும் சமூகம் இன்னும் உருவாகவில்லை. ஹேஃபனுக்கு பத்துப் பிள்ளைகள். சில காலம் சபை மாதம் 100 டாலர் கொடுத்து ஓவியங்களை வாங்கிக்கொண்டது, பிறகு அதுவும் நின்றது. ஹாலிஹாக் பூச்செடிகளுக்கு நடுவே ஒரு சின்னப் பெண் நிற்கும் படம், 1902ல் வரைந்தது, தேடிப் பாருங்க. அந்த வெளிச்சம் பாரிஸில் கற்றது. பிழைப்புக்காக யூட்டாவை விட்டு அலைந்து இண்டியானா போனார், அங்கே ஆட்கள் வாங்க ஆரம்பித்தார்கள், பெயர் வந்தது. வந்த வேகத்தில் நிமோனியாவும் வந்தது. 1910ல் 54 வயதில் போய்விட்டார். அதுக்கு முன்னாடியே, 1903ல், ஸ்பிரிங்வில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஓவியத்தை இனாமாகக் கொடுத்திருந்தார். காசுக்கு வழியில்லாத மனுஷன் கொடுத்த அந்தப் படத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்று அந்த ஊரில் இருக்கும் கலை அருங்காட்சியகம்.

(ஃபேர்பேங்க்ஸின் மகன் ஆவார்ட் பெரிய சிற்பி ஆனார். டாட்ஜ் கார்களின் முன்னால் ஒரு காலத்தில் நின்றதே ஒரு செம்மறிக் கடா, அது அவர் கைவண்ணம்!)

இனி ஆபத்துக் கதை. அது சுவரில் இல்லை, காகிதத்தில்.

1888ல் ஆர்சன் விட்னி என்பவர் ஒரு உரையில், நமக்கும் ஒரு ஷேக்ஸ்பியரும் மில்டனும் வருவார்கள் என்று அடித்துச் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் மார்மன் எழுத்தாளர்கள் இந்த வாக்குறுதியை வைத்து ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொள்கிறார்கள். உடனே விளைந்தது என்னமோ நல்லொழுக்கக் கதைகள்தான். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1941ல் மாரீன் விப்பிள் தன் ஊர்க்காரர்களைப் பற்றி நிஜமாகவே ஒரு நல்ல நாவல் எழுதினார், ஊரே கோபித்துக்கொண்டது. அடுத்த நாவல் வரவே இல்லை.

என்னை உலுக்கியது இன்னொருத்தர். ஜுவனிட்டா ப்ரூக்ஸ். 1898ல் நெவாடாவில் பங்கர்வில் என்ற மார்மன் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் பள்ளிக்கூட ஆசிரியை. ஒருநாள் நெஃபை ஜான்சன் என்ற பெரியவர், ஊரே மதிக்கும் மூத்தவர், அவரைத் தேடி வந்தார். என் கண்கள் பார்த்ததை என் நாக்கு சொன்னதில்லை, சாவதற்குள் எழுதி வைக்கணும், நீ வந்து எழுதிக்கொடு என்கிற மாதிரி கேட்டார். இவரும் சரின்னு சொன்னார். பள்ளிக்கூட வேலை, அது இதுன்னு தள்ளிப் போட்டார். நாம எல்லாரும் செய்யறதுதானே. 1919ல் பெரியவர் படுத்த படுக்கை என்று செய்தி வந்து ஓடிப் போனபோது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. பிதற்றல். நடுநடுவே ரத்தம், ரத்தம் என்று கத்தல். இறந்தும் போனார்.

அவர் சொல்ல வந்தது 1857 செப்டம்பர் 11ஐப் பற்றி. அன்றைக்கு தெற்கு யூட்டாவில் மவுண்டன் மெடோஸ் என்ற புல்வெளியில், கலிஃபோர்னியாவுக்கு வண்டி கட்டிப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பேரை, ஆண் பெண் பிள்ளைகள் என்று பார்க்காமல், மார்மன் குடிப்படைக்காரர்கள் சில பழங்குடியினரையும் சேர்த்துக்கொண்டு கொன்றார்கள். வெள்ளைக் கொடி காட்டி, பாதுகாப்பாகக் கூட்டிப் போகிறோம் என்று நம்பவைத்து வெளியே வரவழைத்துக் கொன்றார்கள். சின்னக் குழந்தைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். இருபது வருஷம் கழித்து ஜான் டி. லீ என்ற ஒருவருக்கு மட்டும் மரண தண்டனை. மற்றபடி ஊர் வாய் திறக்கவில்லை. நெஃபை ஜான்சனும் அன்று அங்கே இருந்தவர்.

எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொன்ன சபை. எழுதத் தெரிந்த ஊர். இதை மட்டும் எழுதவில்லை.

ஜுவனிட்டா அன்று எழுதாமல் விட்டதை முப்பது வருஷம் கழித்து எழுதினார். நடுவில் கல்யாணம், கைம்மை, மறுகல்யாணம், வீடு நிறையப் பிள்ளைகள். செயிண்ட் ஜார்ஜ் மாதிரி ஊரில் குடும்பப் பெண் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு என்ன இதுன்னு கேட்பார்கள். அதனால் பக்கத்திலேயே இஸ்திரி போட வேண்டிய துணிகளை வைத்திருப்பாராம். யாராவது கதவைத் தட்டினால் டைப்ரைட்டர் மேல் துணி விழும், கையில் இஸ்திரிப் பெட்டி ஏறும். விருந்தாளி போனதும் மறுபடி துணி கீழே.

இப்படித் தேடித்தேடி எதை வைத்து எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கடமை டைரிகள்! தெற்கு யூட்டாவில் கிழவர்கள் பெட்டிகளிலும் பரண்களிலும் போட்டு வைத்திருந்த நாட்குறிப்புகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் படியெடுத்தவர் அவர். சபை எழுதச் சொன்னதால் எழுதப்பட்டவை, சபை பேச விரும்பாததைப் பேசின. 1950ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் புத்தகத்தை வெளியிட்டது. யாரையும் திட்டாத, யாரையும் தப்பவிடாத புத்தகம். சபை அவரை நீக்கவில்லை, ஆனால் பலர் முகம் திருப்பிக்கொண்டார்கள். அவரும் சபையை விட்டு விலகவில்லை, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் போய் உட்கார்ந்தார். எனக்கு அவர் பேரில் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். கோபித்துக்கொண்டு வெளியே போவது சுலபம் இல்லையா?

2007ல், சம்பவம் நடந்து 150 வருஷம் ஆன நாளில், சபையின் அப்போஸ்தலர் ஹென்றி ஐரிங் அதே இடத்தில் நின்று ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 2008ல் சபையின் வரலாற்றாசிரியர்களே ஆவணங்களைத் திறந்து ஒரு புத்தகம் எழுதி ஆக்ஸ்ஃபோர்டில் வெளியிட்டார்கள். ஜுவனிட்டா 1989லேயே இறந்துவிட்டார்.

சுவர்களுக்குத் திரும்புவோம். 1950களிலிருந்தே புதுக் கோயில்களில் சடங்கைச் சினிமாவாகக் காட்ட ஆரம்பித்தார்கள். அறை அறையாக நகர வேண்டாம், ஒரே இடத்தில் உட்கார்ந்தால் போதும். சினிமா வந்த பிறகு சுவர்ச் சித்திரத்துக்கு என்ன வேலை? 1970களில் லோகன் ஊர்க் கோயிலின் உட்புறத்தை இடித்துப் புதுப்பித்தபோது அங்கிருந்த சித்திரங்கள் போயின. 2019 கடைசியில் சால்ட் லேக் கோயிலை நிலநடுக்கம் தாங்கும்படி வலுப்படுத்துவதற்காக மூடினார்கள். 2021 மார்ச்சில் அறிவிப்பு: ஓவியங்களைப் புகைப்படம் எடுத்து ஆவணப்படுத்திவிட்டு அகற்றியாகிவிட்டது, சாந்துச் சுவரில் இருந்தவற்றை முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை, சில பகுதிகள் காப்பகத்தில் இருக்கும். சொத்து பறிபோன வருஷத்தில் பாரிஸ் போய்க் கற்றுவந்து வரைந்த சுவர்கள், அவ்வளவுதான்.

அந்தச் சுவர்கள் எப்படி இருந்தன என்று வெளியாட்களுக்குத் தெரிந்ததே ஒரு திருட்டால்தான். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே போக முடியாது. 1911ல் ஒருத்தர் ரகசியமாக உள்ளே புகுந்து படம் எடுக்க, இன்னொருத்தர் அதை வைத்து சபையிடம் ஒரு லட்சம் டாலர் பேரம் பேசினார். சபை பணம் கொடுக்கவில்லை. மாறாக, 1912ல் நல்ல படங்களாகத் தானே எடுத்துப் புத்தகமாகப் போட்டுவிட்டது!

அதே 2021 மார்ச் அறிவிப்பில் மான்டை ஊர்க் கோயிலின் பெயரும் இருந்தது. இங்கேதான் மினர்வா டைகெர்ட் வருகிறார். 1888ல் பிறந்தவர், சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஓவியம் படித்தவர். ராபர்ட் ஹென்றி என்ற பெரிய ஓவியர் அவர் ஆசிரியர். உன் ஜனங்களின் பெரிய கதையை யாராவது வரைந்திருக்கிறார்களா, அது உன் வேலை என்று அவர் சொல்லி அனுப்பியதை மினர்வா கடைசி வரை ஒரு தெய்வ அழைப்பாகவே எடுத்துக்கொண்டார். கல்யாணம் செய்தது ஒரு மாட்டுக்காரரை. வயோமிங்கில் கோக்வில் என்ற ஊரில் பண்ணை, ஐந்து பிள்ளைகள். ஹாலில்தான் வரைவார். படம் பெரிசு, ஹால் சின்னது, தள்ளி நின்று பார்க்க இடமில்லை. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துத் தூரமாக்கிப் பார்ப்பாராம். பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணமாகப் படங்களைக் கொடுத்திருக்கிறார்.

1947ல், அறுபதை நெருங்கும் வயதில், மான்டை கோயிலின் உலக அறையை ஒரு உதவியாளரோடு சாரம் ஏறி வரைந்தார். கோயில் சுவர் வரைய ஒரு பெண்ணை அழைத்தது அதுதான் முதல் தடவை. மற்ற கோயில்களில் அந்த அறையில் காடும் சண்டை போடும் மிருகங்களும் இருக்கும். இவர் மனுஷர்களை வரைந்தார். பாபேல் கோபுரம், வியாபாரிகள், யாத்ரீகர்கள், பிச்சைக்காரர்கள், எதிர்ச்சுவரில் நிமிர்ந்து நிற்கும் ஒரு அமெரிக்கப் பழங்குடி. அதுக்குப் பிறகு மார்மன் வேதக் கதைகளை 42 ஓவியங்களாக வரைந்தார், புத்தகமாகப் போட ஆள் கிடைக்கவில்லை. 1969ல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1976ல் மறைவு. இப்போ அவர் வரைந்த சிவப்பு அங்கிக் கிறிஸ்துவின் பிரதி பல ஊர் சபைக் கட்டடங்களில் தொங்குகிறது.

அந்த அறையை அகற்றப் போகிறோம் என்றதும் சபைக்குள்ளேயே குரல் எழும்பியது. சாதாரணமாகத் தலைமை சொன்னால் தலையாட்டும் ஜனங்கள். கடிதம் எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், எங்க பாட்டி காலத்திலிருந்து பார்த்த சுவர் என்று அழுதார்கள். 2021 மே 1 அன்று தலைமை முடிவை மாற்றியது. மான்டை கோயில் அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் எஃப்ரெய்ம் ஊரில் புதுசாக ஒன்று கட்டிக்கொள்கிறோம்.

எஃப்ரெய்ம் என்றதும் இன்னொருத்தரைச் சொல்லணும். அந்த ஊரில் விவசாயம் பார்த்த டென்மார்க்காரர் சி.சி.ஏ. கிறிஸ்டென்சன். 1857ல் கைவண்டி இழுத்து யூட்டா வந்தவர். சபையின் கதையை 23 பெரிய திரைகளில் வரைந்து, ஒன்றோடொன்று தைத்து, கட்டையில் சுருட்டி, ஊர் ஊராக வண்டியில் கொண்டுபோய் விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் கதை சொன்னார். பிறகு அந்தச் சுருள் எங்கேயோ கிடந்து, 1970ல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கியது. மான்டை கோயிலின் படைப்பு அறைச் சுவர்களும் அவர் வரைந்தவைதான். டைகெர்ட்டுக்காக எழும்பிய சத்தத்தில் அவருடையதும் தப்பித்தது.

2024 மார்ச்சில் புதுப்பித்த மான்டை கோயிலை மறுபிரதிஷ்டைக்கு முன்னால் மூணு வாரம் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். மதம் எதுவானாலும் உள்ளே போய் அந்த நாலு சுவரையும் நின்று பார்க்கலாம். ஏப்ரல் 21ல் பிரதிஷ்டை. அதிலிருந்து மறுபடி உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.